பொட்டு வைத்த தீயணைப்பான்

தீயணைப்பானைப் பளபளவென்று துடைத்து மாட்டிவிட்டு, பராமரித்தாயிற்று என்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் அப்பா அந்த ரகம்.

மண்ணரை என்கிற ஊரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் பனியன் கம்பெனி. தையல் மெஷின்கள், மூலையில் வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட் துணி மூட்டை, சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பான். உள்ளறையில் நாங்கள் தூங்குவோம். அங்கிருந்து வெளியே வர முன்னறையை விட்டால் வேறு வழி கிடையாது.

தீயணைப்பானின் கழுத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே ஊசி பச்சையில் நின்றால் வேலை செய்யும். சிவப்புக்கு இறங்கினால் அது வெறும் இரும்பு. பெரிய கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த அம்மாவுக்கு இது தெரியும்.

"ஏனுங்க, தொடச்சா மட்டும் போதுங்களா? ஊசி எங்க நிக்குதுன்னு பாருங்க."

"பயர் டிரில்லுன்னு ஒருக்கா வெயில்ல நிக்க வெச்சானுங்க, அதுக்குள்ள அம்மணி ஆபீசராயிட்டா!" என்பார் அப்பா.

ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு தீயணைப்பானுக்கும் பொட்டு வைத்தார். முகம் மாதிரி வட்டமாக இருந்ததால் அந்தக் கண்ணாடியிலேயே சந்தனத்தை அப்பினார். ஊசி மறைந்தது. அப்புறம் துடைக்கும்போதெல்லாம், சாமிக்கு வைத்தது என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் சுவிட்ச் போர்டிலிருந்து பொறி தெறித்து வேஸ்ட் மூட்டை பிடித்துக்கொண்டது. உள்ளறையில் தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா தீயணைப்பானை எடுத்து, அதன் பின்னைப் பிடுங்கி அழுத்தினார். தும்மல் மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் வெள்ளைப் பொடி அவர் காலிலேயே கொட்டியது. திரும்பத் திரும்ப அழுத்தினார்.

வாசலில் துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "கண்ணு, மெயின ஆப் பண்ணு!" என்று என்னிடம் கத்திவிட்டு, ஈரப் போர்வையோடு பாய்ந்தாள். மூட்டையை மூடி அமுக்கினாள். புகைக்குள் புகுந்து தங்கச்சியைத் தூக்கி வந்தாள்.

தெருவே கூடிவிட்டது. அம்மா கட்டைவிரலால் சந்தனத்தைச் சுரண்டினாள். ஊசி சிவப்பில் கிடந்தது.

"பொட்டு வெச்சு கும்பிட்ட புண்ணியமுங்க, கொழந்தை பொழச்சுது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க," என்றார்.

வெந்துபோன கையை வாளித் தண்ணீரில் விட்டிருந்த அம்மா சத்தமாகச் சிரித்தாள். தங்கச்சி பிழைத்த சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.