ஸ்லைடு பெட்டியும் பெருத்த மண்டலமும்

வானத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே வானத்தைப் பற்றிப் பேசிப் பிழைக்கும் தொழில் ஒன்று உண்டு. எழுபதுகளில் நான் செய்தது அதுதான். ஓர் அறிவியல் மன்றத்தின் ஸ்லைடு பெட்டியோடு செங்கல்பட்டு வட்டாரத்தைச் சுற்றி, பட்டப்பகலில் ஜன்னலை அடைத்து நட்சத்திரம் காட்டுவேன். மனசு மட்டும் மலைமேல் ஒரு வானாய்வுக் கூடத்தில் கிடந்தது. அங்கே உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். தபால்காரர் சைக்கிளைக் கண்டாலே வாசலுக்கு ஓடும் ஆசாமிகளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

தலைகீழ்

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு மண்டலம்; அந்த மண்டலங்களும் கொத்துக் கொத்தாக இருக்கும். சில கொத்துகளின் நடுவில் ஒன்று மட்டும் பூதாகாரமாக நிற்கும். பக்கத்தில் வந்த சின்ன மண்டலங்களை விழுங்கித்தான் அது பெருத்தது என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதை ஐந்து படங்களாக வரைந்து ஸ்லைடாக்கியிருந்தேன்.

சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸில் பெட்டி கவிழ்ந்தது. அவசரத்தில் வரிசையைத் திருப்பி அடுக்கிவிட்டேன். அன்றைய காட்சியில், திரையில் பெரியது சின்னதுகளை ஒவ்வொன்றாக வெளியே விட, நான் "விழுங்குகிறது" என்று முழங்கினேன். கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்த அம்மா சொன்னார்: "இன்னா சார், முழுங்குதுன்றீங்க, அது பெத்துப் போட்டுகினே கீது!"

நெம்மேலி

"முழுங்குன நட்சத்திரம் செத்துருமா?" என்றார் அந்தக் கடலோர ஊரில் ஒரு மீனவர். சாகாது, நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி, மோதாமல் உள்ளே கலந்துவிடும், கொஞ்சம் மட்டும் சுற்றிலும் மங்கலாகச் சிதறி நிற்கும் என்றேன். "நீ பாத்துகிறியா?" என்றார். படத்தில்தான் என்றேன்.

"கடலுக்கே போவாதவன் மீன் கத சொல்ற மாரி கீது அண்ணாத்த. ஒரு தபா நேர்ல பாத்துட்டு வந்து சொல்லேன்!"

சுண்டல்

அந்த வானாய்வுக் கூடத்து அதிகாரி லீவில் மாமல்லபுரம் வந்திருப்பதாக, அங்கே விடுதி நடத்திய, என் விண்ணப்பக் கதை தெரிந்த காதர் பாய் ஆளனுப்பினார். ஓடினேன். அதிகாரி கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். வேலைக்கு வேறு ஆளை எடுத்தாகிவிட்டது என்றார். போகட்டும் சார், அந்தப் பெரிய மண்டலத்தை ஒரே ஒரு தடவை தொலைநோக்கியில் பார்க்க விடுங்கள், அது போதும் என்று கெஞ்சினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சுண்டல் காகிதத்தை மெதுவாக மடித்தார். "நாங்களே கண்ணாடித் தட்டுல போட்டோ பிடிச்சுத்தான் பார்க்கறோம் தம்பி. கண்ணை வச்சா சின்னப் புகை மாதிரி இருக்கும், அதுவும் இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருக்கும்."

பார்த்தாலும் சரியாகத் தெரியாத ஒன்றைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று தெரிந்த பிறகும், அந்தச் சந்தேகத்தையாவது ஒருமுறை நேரில் பட்டுவிட மாட்டோமா என்று இன்றைக்கும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.