குறையாத பாட்டில்

இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால், நாளொன்றுக்கு எண்ணூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். காபி, மோர், மாத்திரைக்கான மடக்கு எல்லாம் அதற்குள்தான். சித்திரை வெயில். மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பதினோரு கட்டில்களில் ஏழாவது எனக்கு. நான் மடக்குகளை எண்ணினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை கழுவும் குழாயின் சத்தம் கேட்டால் அழுகை வந்தது.

பகலில் எங்கள் பதினோரு பேருக்கும் ஒரே நர்ஸ். மேலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். நான் குடிப்பதையெல்லாம் அவள்தான் அளந்து எழுதுவாள். நூறு என்று அவள் எழுதியதை எண்பதுதான் என்று சண்டை பிடித்தேன். முதல் நாள் இருபத்துமூன்று முறை மணியை அழுத்தினேன். கொலைகாரி என்றேன். "இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுங்கய்யா" என்றாள், முகம் மாறாமல். கல் மனசுக்காரி என்று நினைத்தேன்.

அவள் மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். மூன்று நாளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கழுத்துவரை இருக்கும். சாயங்காலமும் கழுத்துவரை இருக்கும். மூன்றாம் நாள் மதியம் அவள் நான்காம் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்பது எட்டு நடந்து அதை எடுத்துவிட்டேன். மூடியைத் திருகும்போது பிடித்துக்கொண்டாள்.

"வச்சிருங்கய்யா. மூச்சு முட்டுனா நாந்தான் பதில் சொல்லணும்."

நீதான் இதைக் குடிப்பதே இல்லையே என்று கத்தினேன்.

"குடிச்சா ஒதுங்கப் போகணும்ல. அந்த அஞ்சு நிமிசம் இம்புட்டுப் பேர யாரு பாப்பா? நீங்களே பத்து தடவ மணி அடிப்பீக."

அப்போதுதான் அவள் உதட்டைப் பார்த்தேன். வெடித்திருந்தது, என்னுடையதைப் போலவே. குரலும் கட்டைப்பட்டிருந்தது.

குடித்துவிட்டுப் போய் வா அம்மா, ஐந்து நிமிடம் மணியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என்னைக் கட்டிலில் கொண்டுவந்து விட்டாள். நாலே மடக்கு குடித்தாள், அதையும் எண்ணினேன். பிறகு வேகமாக வெளியே போனாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டவில்லை. வலியும் இல்லை. இவள் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பயம் மட்டும் வந்தது. மூன்றாவது நிமிடம் மணியை அழுத்திவிட்டேன்.

ஈரக் கையோடு ஓடிவந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாட்டில் கழுத்துவரை இருந்தது.