மேசைமேல் மாலை போட்ட படம்

என் மனைவி இறந்துவிட்டாள் என்று ஒரு வியாழக்கிழமை மதியம் கால் மணி நேரம் முழுமனதாக நம்பினேன். அழவும் செய்தேன். கணக்கு வாத்தியார் ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக் கூடாதுதான். ஆனால் ஆதாரம் என் மேசைமேலேயே இருந்தது.

தாய்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆசிரியர் அறையில் ஒவ்வொருவர் மேசையும் ஒரு குட்டி வீடு. பக்கத்து மேசை அறிவியல் டீச்சர் கள்ளிச்செடி, பொம்மைப் பூனை என்று குடித்தனமே நடத்தினார். என் மேசையில் ஒரு சிவப்புப் பேனா. வீடியோ காலில் பார்த்த மனைவி, "என்னங்க, ஆஸ்பத்திரி மேசை கணக்கா இருக்கு? ஏதாச்சும் வைங்க" என்றாள்.

வைத்தேன். அவள் குமுளியில் வாங்கிக் கொடுத்த ஏலக்காய் ஒரு கிண்ணத்தில். அப்புறம் அவள் படம். கிளம்புகிற அவசரத்தில் கஞ்சிக்கோட்டு ஸ்டுடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. ரேஷன் கார்டுக்கு எடுத்ததுதான் கையில் கிடைத்தது. அதில் அவள் கண்ணை விரித்து, உதட்டை இறுக்கி, யார்மீதோ வழக்குப் போடப் போகிறவள்போல இருப்பாள்.

அந்த வியாழக்கிழமை விசா வேலையாக வெளியே போய்விட்டு மதியம் திரும்பினேன். காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை. முந்தின நாள்தான் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அறைக்குள் நுழைந்தால், அவள் படத்துக்கு மல்லிகை மாலை. முன்னால் ஒரு தட்டில் பூ, மெழுகுவர்த்தி, மூன்று ஊதுபத்தி.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு நம் ஊரில் யார் மாலை போடுகிறார்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவர்கூடக் கழுத்தில்தான் வாங்கிக்கொள்கிறார்.

என் மூளை மளமளவென்று கணக்குப் போட்டது. அவசரத்துக்கு என்று பள்ளி அலுவலக எண்ணை வீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் செய்தி வந்திருக்கிறது. வாயால் சொல்ல மனம் வராமல் இப்படித் தெரிவிக்கிறார்கள். அறிவியல் டீச்சர் எழுந்து கைகூப்பித் தலை குனிந்தார். தினமும் செய்கிறதுதான். அன்றைக்கு அது துக்கம் விசாரிப்பதாகவே பட்டது. நானும் கைகூப்பி, மூக்கை உறிஞ்சினேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பார், எவ்வளவு நல்ல மனுஷி என்று இன்னும் அழுதேன்.

அங்கேயே இருக்கும் மைத்துனனைப் போனில் கூப்பிட்டேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லை.

"மாப்ள... எப்ப எடுக்கறீங்க?"

"எத மச்சான்? மழையில இன்னைக்குக் கொழுந்துகூட எடுக்கல."

"அக்கா... அக்கா எங்க?"

"அடுப்படில நெத்திலி ஆயுது. அது சிம்முக்கு இங்க டவர் இல்ல. இருங்க, குடுக்கேன்."

அவள் வந்தாள். "என்னங்க?"

"ஏ புள்ள, உசுரோட இருக்கறயா?"

"இல்லாமலா நெத்திலி ஆயுறேன்? காலைல என்னத்தத் தின்னீங்க?"

மாலை, ஊதுபத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் படத்த வச்சீங்க?"

"ரேஷன் கார்டுப் படம்."

"அட மனுசா! அதுல நான் செத்து மூணு நாள் ஆன மாதிரி இருப்பேனே! அத எதுக்குய்யா நாலு பேரு பார்க்க வச்சீரு?" அப்புறம் குரல் இறங்கிற்று. "அழுதீங்களா?"

"லேசா."

"லேசாத்தானா?" என்றாள். அதற்குள் பின்னால் மைத்துனனும் மாமியாரும் சிரிப்பது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள்.

போனை வைத்த பிறகுதான் டீச்சரிடம் விசாரித்தேன். அன்று அந்த ஊரில் மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் பூவும் ஊதுபத்தியும் வைத்து வணங்கும் நாளாம். சுற்றறிக்கை வந்திருந்தது, எழுத்துப் புரியாததால் அதை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். நான் விழாவுக்கு வராததால் என் வகுப்புப் பிள்ளைகள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, எனக்குக் கொண்டுவந்த மாலையை மாட்ட வேறு இடம் இல்லாமல் படத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.