பேங்க் மேடத்தின் காரை இறக்கிய வேலை

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பெங்களூர் மர்பி டவுனில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, நாலு ஸ்பானர், இவ்வளவுதான் என் மூலதனம். அதை வைத்துக்கொண்டு, மழை வெள்ளத்தில் மூழ்கி எல்லோரும் கைவிட்ட டாக்ஸியை ஓட வைத்தேன். பழைய பால் வேனை ஆம்புலன்ஸாக மாற்றினேன். இரண்டு மாடி வீடும் கட்டினேன். படித்த இன்ஜினியர்களே வந்து நின்று, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, ஒரு காரின் உயரத்தைக் குறைத்த வேலையைத்தான்.

அந்தக் காரின் சொந்தக்காரரை நாங்கள் பேங்க் மேடம் என்போம். மல்லேஸ்வரத்துக்காரர். சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் வலுவிழந்தவர். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கையால் இயங்கும்படி மாற்றிய காரைத் தாமே ஓட்டிக்கொண்டு தாம் வேலை பார்க்கும் வைட்ஃபீல்ட் பேங்க் கிளைக்குப் போய்வருவார். பழைய சின்னக் கார் ஓய்ந்துபோன பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்தக் கார் உயரம். சக்கர நாற்காலியைவிட சீட் மூன்று அங்குலம் மேலே இருந்தது. முன்பெல்லாம் தாமே நகர்ந்து சீட்டில் உட்கார்ந்தவரை இப்போது காலையில் அவருடைய அண்ணன் தூக்கி வைத்தார். மாலையில் பேங்க் காவலாளி. அந்த அண்ணனுக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது.

"பதினைஞ்சு நாள்ல இவன் கிளம்பறான் மேஸ்திரி. அப்புறம் யாரு தூக்குவா? வேலையை விட்டுட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான்" என்றார் மேடம். வேறொரு ஷெட்டில் சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கை அறுத்து, மூன்று அங்குலமும் சல்லிசாக இறக்கித் தருவதாகச் சொன்னார்களாம்.

"அறுத்த ஸ்பிரிங் பள்ளத்துல எகிறி இடத்தை விட்டு நழுவிடும் மேடம். பிரேக் அடிச்சா வண்டி எங்க போகும்னு வண்டிக்கே தெரியாது. நான் செய்ய மாட்டேன்."

"புதுசா எல்லாம் வாங்க எங்கிட்ட பணம் இல்லையே."

"ஒண்ணரை இன்ச் நான் தரேன். அதுக்கு மேல இந்த ஊர் ரோடு விடாது."

அவர் தம் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். "சரி, மிச்சம் ஒண்ணரை நான் தரேன்" என்றார். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு, கால் வைக்கும் பலகையையும் அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளும் யோசனை அவருடையது. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஸ்பிரிங் கிடைத்ததும் ஒரு சாமர்த்தியம்தான். ஆசைக்காகக் காரை இறக்குகிறவர்கள் பெங்களூரில் உண்டு. நாலு ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு தட்டியதும் ஆசை போய், எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அப்படி ஒருவர் வீட்டு அட்டைப்பெட்டியில், அதே மாடலுக்கென்று செய்த குட்டை ஸ்பிரிங் நாலும் தூங்கிக்கொண்டிருந்தன. விசாரித்துப் பிடித்தேன். துருவும் விரிசலும் இல்லை என்று பார்த்து மாட்டினேன். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்ததால் அதை மாற்றவில்லை. வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டின் சாய்வையும் சரிசெய்தேன்.

அப்புறம் என் சொந்த வித்தை. வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு வாங்கி வந்து, காரின் அடியில் பத்து இடத்தில் விரல் நீளத்துக்கு ஒட்டினேன். எது நசுங்குகிறதோ அங்கே ரோட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இடம் போதவில்லை என்று அர்த்தம். மல்லேஸ்வரத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரை அவர் போகும் வழியிலேயே ஓட்டித் திரும்பினேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. பெருமையாகக் காட்டினேன்.

"வண்டியில யாரு இருந்தா?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான்."

"நீங்க காத்தடிச்சா பறக்கற ஆளு. நான், என் நாற்காலி, பின்னாடி அரிசி மூட்டை, இதெல்லாம் ஏறினா?"

அண்ணன் சிரித்துவிட்டார். "மாவுக்கு உங்க மேல பயமில்ல மேஸ்திரி. அவ ஏறட்டும், தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்டது நியாயம். நாற்காலிக்கு மெத்தை இன்னும் வராததால் அண்ணன் தூக்கி வைக்க, அவரே ஓட்டினார். நாங்கள் இருவரும் மூட்டையோடு ஏறிக்கொண்டோம். அவர் தெருமுனை ஸ்பீட் பிரேக்கரிலேயே சைலன்சர் குழாய்க்குக் கீழிருந்த மாவு அப்பளமாகிவிட்டது. குழாயைத் தாங்கும் ரப்பரைக் குட்டையாக மாற்றி மேலே ஏற்றிக் கட்டினேன். மறுபடி அதே சுமையோடு போனோம். பத்தும் அப்படியே நின்றன.

அண்ணன் ஹூப்ளிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. புது மெத்தை போட்ட நாற்காலியைக் கார் கதவோடு ஒட்டி நிறுத்தினார் மேடம். அண்ணன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "கையை எடுடா" என்றார். உள்ளங்கையைச் சீட்டில் ஊன்றி ஒரு நகர்வு, உள்ளே இருந்தார். நாற்காலியை மடித்துப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தள்ளி நில்லுங்க, எனக்கு டைம் ஆகுது" என்று கிளம்பிப் போனார். அண்ணன் தெருவைப் பார்த்தபடியே நின்றார்.

அவர் வேலையை விடவில்லை. இப்போது அந்தக் கிளைக்கே மேனேஜர். சென்ற மாதம் ஒரு பாராட்டு விழாவில், "யாரும் என்னைத் தூக்கி வைக்கல, நானேதான் ஏறி உக்கார்ந்து இவ்வளவு தூரம் வந்தேன்" என்று பேசினார். கடைசி வரிசையிலிருந்து நானும் கை வலிக்கத் தட்டினேன். அந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் மேடம், அந்த மூன்று அங்குலத்தில் பாதிதான் உங்களுடையது. அடுத்த மேடையில் மீதிப் பாதி யாருடையது என்பதையும் மைக்கில் சொல்லிவிடுங்கள். நான் அப்போதும் கடைசி வரிசையில்தான் இருப்பேன். கை காட்டினால் எழுந்து நிற்கிறேன்.