பெரிய கிளாக்கருக்கு வரவேண்டிய வரிப்பணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால் பை தடித்த காக்கித் துணியில் தைத்தது. வாயில் ஒரு பித்தளைப் பூட்டு. சாவி இரண்டு. ஒன்று தபால் கந்தோரில், மற்றது தோட்ட நிர்வாகியான துரையின் காற்சட்டைப் பையில். துரை திறந்தால்தான் நமுனுகுல மலையில் இருந்த எங்களுக்குக் கடிதம். இன்று வரிப்பணம் திரும்பி வந்தால் கைபேசி சிணுங்கிச் சொல்லிவிடுகிறது. அன்று அந்தப் பை எங்களைப் படாத பாடு படுத்தியது.

தோட்டக் கந்தோரின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். போர்நிறுத்தம் வந்து ஊர்ப்பாதை திறந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே இருந்த அவருடைய தாயார் பேத்திகள் மூவரில் ஒருத்தியையும் கண்டதில்லை. குடும்பத்தோடு போய்வரப் பணம் வேண்டும். சம்பளமோ பதுளையில் பெண்களைப் படிக்கவைக்கவே சரி. நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்தபோது வருமான வரியைக் கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

"கடன்பட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால போய் நிக்கமாட்டன் தம்பி" என்பார், சின்னக் கிளாக்கரான என்னிடம். வரிக் கந்தோருக்கு அவர் தொலைபேசி எடுத்தால் நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வோம். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதுதான் எப்போதும் பதில். எங்கள் சொந்தப் பணம் போல எங்களுக்கும் ஆத்திரமாக வரும்.

ஒருநாள் பை தூக்கிவருகிறவர் கீழ் வளைவிலிருந்தே கத்தினார். "ஐயா, ஒங்க வரிக் கடுதாசி வந்திருச்சுங்க! போஸ்ட் மாஸ்டர் என்கிட்ட காட்டிட்டுத்தாங்க பையில போட்டாரு!"

ஓடிப்போய் வாங்கினோம். துரை கொழும்பில். சாவியும் கொழும்பில். ஆளுக்கு ஆள் பையை வெளியே தடவிப் பார்த்தோம்.

"பூட்ட ஒடச்சிருவோமாங்க?" என்றார் கணக்கப்பிள்ளை.

பெரிய கிளாக்கருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பூட்டை விடுங்கோ. காசு வந்திட்டுதெல்லே, இனி வாங்கினா அது கடனில்லை" என்றார். அவ்வளவுதான், அவரவர் சட்டைப் பையில் இருந்தது மேசைக்கு வந்தது. நல்ல வேளையாகச் சம்பளம் போட்ட வாரம். பின்னேர பஸ்ஸில் மனைவியோடு பதுளைக்கு இறங்கி, பெண்களையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டுவிட்டார். கல்யாணப் பெண்ணை வழியனுப்பிவிட்டு வந்தது போல அன்று எங்களுக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் துரை வந்து பையைத் திறந்தார். உறைக்குள் காசோலை இல்லை. இன்னொரு சான்றிதழ் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலிருந்து தொலைபேசியில் பேசினார். "தம்பி, செக் எவ்வளவுக்கு?"

மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன்.

"அது கிடக்கட்டும் தம்பி. அம்மாவுக்கு இப்ப கண் தெரியேல்லை. பிள்ளையளின்ர முகத்தைத் தடவித் தடவிப் பாத்தவ. நடுவிலாளுக்குத் தன்ர மூக்காம்!"