ஐஸ் போட்ட சோலைமுத்து

அந்த வெள்ளைக்காரன் பேரை எடுத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா சோலைமுத்துவைப் பத்திச் சொல்லணும்னா அவனைச் சொல்லாம முடியாது.

சோலைமுத்து முதுகுளத்தூர்க்காரன். தோஹாவுல ஐஸ் ஹாக்கி ஆடுற அரங்கத்துல பதினொரு வருஷமா ஐஸ் போடுறது அவன் வேலை. இடைவேளையில வண்டியை ஓட்டிக்கிட்டுப் போய், கீறல் விழுந்ததை வழிச்சுட்டு மேல சுடுதண்ணி விடுவான். சுடுதண்ணிதான் விடணும், அப்பத்தான் புது ஐஸ் பழசோட ஒட்டும். மக தாரிணி நர்சிங் படிக்கிறா. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா போதும்னு இருந்தான். நான் சதக்கத்துல்லா, காயல்பட்டினம். அதே கட்டடத்துல எனக்கு டீக்கடை.

அந்த வெள்ளைக்காரன் ஓந்த்ரே, செக் நாட்டுக்காரன். ஊர்ல பெரிய டீம்ல பதினாலு வருஷம் ஆடினவன். ஒரு ஃபைனல்ல தோத்ததுக்கு, கோச் பண்ணின தப்பை இவன் தலையில கட்டி விரட்டிட்டாங்களாம். முட்டி தேஞ்சுபோய், முப்பத்தாறு வயசுல இங்க ஆட வந்தான். என் கடையில உட்கார்ந்து அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பான். சொல்லும்போது கண்ணு கலங்கும். நாங்களும் அவனுக்காக அந்த ஆளுங்களைத் திட்டித் தீர்ப்போம். சோலைமுத்து ரூம்லேருந்து ரசம் கொண்டாந்து ஊத்துவான். சோலை போடுற ஐஸ்ல ஆடினா முட்டி வலிக்கலைன்னு ஓந்த்ரே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சான். நாலு வருஷம் ஆடி ரெண்டு கப்பு ஜெயிச்சான். அப்புறம் ஒரு அரபியோட கூட்டு சேர்ந்து அந்த டீமையே வாங்கிட்டான்.

வாங்கினதும் ஆளே மாறிட்டான். கடைப்பக்கம் வர்றதில்லை, டீ மாடியில அவன் ஆபீசுக்குப் போகணும். சோலைமுத்துவைப் பார்த்தா ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

போன மே மாசம் ஃபைனல். இந்த ஊர் வெயில்ல மொட்டைமாடித் தொட்டித் தண்ணி கொதிக்கும். அதனால நாங்க கட்டடத்துக்குள்ள இருக்கிற ஹீட்டரை அணைச்சுப்போட்டு, அதுல ஆறிக் கிடக்கிற தண்ணியைத்தான் புழங்குவோம். கல்ஃப்ல இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். அங்க இருக்கிறது ஒரே ஹீட்டர், எங்க பாத்ரூமுக்கும் அதுதான், சோலைமுத்து வண்டிக்கும் அதுதான். காலையிலயே அணைச்சுட்டு, மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்சதும் மறக்காம ஹீட்டரைப் போட்டுடுவேன். அன்னைக்குக் கடையில கூட்டம். பாவி, மறந்துட்டேன்.

சாயங்காலம் இடைவேளையில சோலைமுத்து குழாயைத் திறந்தா தண்ணி ஜில்லுனு வருது. காய வைக்க நேரமில்லை, தொட்டித் தண்ணிக்கு அங்க வேற குழாயும் இல்லை. அதையே விட்டுட்டு வந்தான். ஐஸ் ஒட்டாமப் பேந்துச்சு. எங்க ஆள் அதுல கால் மாட்டி விழுந்தான், எதிராளி கோல் போட்டான். ஒரு கோல்ல போச்சு கப்பு.

மறுநாளே சோலைமுத்துவோட விசாவை ரத்து பண்ணி, ஊருக்குப் போகச் சொல்லி எக்ஸிட் அடிச்சுட்டாங்க. ஹீட்டரை யார் அணைச்சதுன்னு கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கு நான் பாத்ரூம்லேருந்து ஈரக்கையோட வெளிய வர்றதைப் பார்த்தவனே அவன்தான்.

நான் மாடி ஏறினேன். அணைச்சது நான், அவனை விட்டுடுன்னேன். ஓந்த்ரே நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"ஹீட்டர் நின்னது எனக்கு அன்னைக்கே தெரியும். தோத்ததுக்கு ஒரு பேர் சொல்லியாகணும். டீக்காரன் பேரைச் சொன்னா சிரிப்பாங்க."

"உன்னையும் இப்படித்தானே விரட்டினாங்க?"

முட்டியைத் தேய்ச்சுக்கிட்டான். அப்புறம் "கலாஸ், முடிஞ்சுபோச்சு"னு சொல்லிக் கதவைக் காட்டினான். எத்தனை நாள் என் கடையில உட்கார்ந்து அழுதவன்!

பெட்டி கட்டும்போது சோலைமுத்துகிட்டயும் சண்டை போட்டேன். ஏண்டா சொல்லலைன்னு கத்தினேன். "விடுங்க பாய், உங்களுக்கும் மூணு பிள்ளைங்க இருக்கு"ன்னுட்டு கயிறை இறுக்கிக் கட்டினான்.

அதுக்கப்புறம் அந்த ஹீட்டர் ஸ்விட்சை நான் தொடுறதே இல்லை. கொதிக்கிற தொட்டித் தண்ணியிலதான் ஒளு செய்றேன். மூஞ்சியில அள்ளி விட்டா எரியுது. எரியட்டும்.