முடிச்சுப் போடாத மாலை

ஹவுலானிக்கு வாய் சும்மா இருக்காது. மோலோகாய் தீவில் அவள் வேலை பார்க்கும் மளிகைக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் ஊர்க்கதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும். அந்த வாய்தான் போன வருஷம் ஒரு விருந்தில், அத்தனை பேர் முன்னால், "விசேஷம் ஏதும் உண்டா இல்லையாடி?" என்று மகள் நோஹேயாவைக் கேட்டுவைத்தது. பிள்ளையில்லாத ஏக்கத்தில் இருந்தவள் அழுதுகொண்டே விமானம் ஏறினாள். அப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இப்போது தம்பி கல்யாணத்துக்கு வருகிறாள்.

"மறுபடி கேட்டு வைக்காதே. இந்தத் தடவை போனா திரும்ப வரமாட்டா," என்றான் புருஷன் மகோவா.

"எனக்குத் தெரியாதா? சத்தியமா கேக்க மாட்டேன்."

"உன் சத்தியம் நாலு நிமிஷம் தாங்குமா?"

அவளுக்கே சந்தேகம்தான். கைக்கு வேலை கொடுத்தால் வாய் அடங்கும் என்று, மகளுக்கு மாலை கட்டத் தழை கிள்ளக் காட்டுக்கு ஏறினாள். பாசி பிடித்த பாறைகளுக்கு அடியில், வெயில் எட்டாத ஈரத்தில், அலஅலாச் செடி தளதளவென்று படர்ந்திருந்தது. இலையும் தண்டும் அவ்வளவு சதை. இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஊர் வழக்கப்படி செடியிடம் அனுமதி கேட்டு, நுனியை மட்டும் நகத்தால் கிள்ளிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பெரணி இலையோடு சேர்த்து வாழைநாரால் சுற்றினாள். இறுக்கினால் தண்டு நசுங்கிச் சாறு வழியும், தளர்த்தினால் உதிர்ந்துவிடும். அந்தப் பதத்துக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவள் நினைப்பு. உண்மையும் அதுதான்.

சாயங்காலம் நோஹேயா வந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஹவுலானிக்கு நாக்கு அரித்தது.

"அங்கே மழையா?" என்றாள். "விமானத்துல கூட்டமா?" என்றாள். மகோவா பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மாலையை மகள் கழுத்தில் போட்டு, முன்னால் தொங்கிய இரண்டு நுனிகளையும் சேர்த்து முடியப் போனாள். நோஹேயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சு வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

ஹவுலானியின் விரல்கள் நின்றுவிட்டன. பிள்ளைத்தாய்ச்சி கழுத்தில் முடிந்த மாலை போட மாட்டார்கள். தொப்புள்கொடி வயிற்றுப் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று அந்த ஊரில் பயம்.

"ஏம்மா, ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"மாட்டேன்," என்றாள் ஹவுலானி. இரண்டு நுனிகளையும் அப்படியே தொங்கவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.